பஸ் நிற்கிறதா, புள்ளி நிற்கிறதா?

"மழை நாளில் ஸ்கூல் பஸ் ஆப்பைத் திறந்தால் புள்ளி அரை மணி நேரமாக ஒரே சிக்னலில் நிற்கிறது. மேகம் சாட்டிலைட்டை மறைக்கிறதா?" மடிப்பாக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

இல்லைங்க. ஜிபிஎஸ் அலைகள் மேகத்தையும் மழையையும் பெரிதாகச் சட்டை செய்வதில்லை.

முதலில் ஒன்று: சாட்டிலைட்டுக்கு உங்கள் பஸ் எங்கே என்று தெரியாது. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து "இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இங்கே" என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸிலுள்ள டிராக்கர் பெட்டி அதைக் கேட்க மட்டும் செய்யும். செய்தி வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மூன்று தூரம் தெரிந்தால் இடம். பள்ளிக்கூடக் கணக்குதான்.

சிக்கல் கடிகாரத்தில். மேலே இருப்பது அணுக் கடிகாரம். பஸ் பெட்டியிலோ நம் கைக்கடிகாரத்தில் உள்ளது மாதிரி ஒரு குவார்ட்ஸ் துண்டு. அது ஒரு மைக்ரோ நொடி பிசகினாலே தூரம் 300 மீட்டர் தப்பும். பஸ் ஏரிக்குள் நிற்பதாகக் காட்டும். இங்கேதான் வருகிறது நான்காவது சாட்டிலைட். கடிகாரம் தப்பாக இருந்தால் எல்லாத் தூரமும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும். நான்கும் ஒரு புள்ளியில் சேராது. எவ்வளவு நேரத்தைக் கூட்டிக் கழித்தால் நான்கும் சேர்கின்றனவோ, அதுவே கடிகாரத்தின் பிழை! இடமும் கிடைத்தது, மலிவுக் கடிகாரமும் ஓசியில் திருந்திவிட்டது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத வித்தை இது.

ஆக, பஸ்ஸுக்குத் தன் இடம் தெரியும். அதை செல்போன் கோபுரம் வழியாக உங்களுக்குச் சொல்வது உள்ளே இருக்கும் சிம் கார்டு. மழையில் கோபுரம் படுத்தால் புள்ளியும் நின்றுவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை பார்த்ததுதானே: கரண்ட் போனது, கோபுரங்கள் செயலிழந்தன, செல்போன்கள் ஊமையாயின.

கடலில் கோபுரமே கிடையாது. அதனால் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி, சாட்டிலைட் வழியாகவே செய்தி அனுப்புகிறது. வெள்ளம் புகும் ஊர்களில் பள்ளிக்கு ஒரு பஸ்ஸிலாவது அப்படி ஒன்றை வைக்க அரசு செலவழிக்கலாம் என்பது என் கட்சி. முகப்பில் எலுமிச்சை மிளகாயைத் தவறாமல் மாற்றுகிறோம். டிராக்கரின் பேட்டரியை யார் பார்க்கிறார்கள்?

அதுவரை, புள்ளிக்குக் கீழே பொடி எழுத்தில் நேரம் இருக்கிறதா பாருங்கள். 4:10 என்றிருந்தால் பஸ் 4:10-க்கு அங்கே இருந்தது, அவ்வளவே. வாகன டிராக்கர்களுக்கான நம் நாட்டுத் தரம் ஏஐஎஸ் 140; அதன்படி செய்த கருவிகள் நெட்வொர்க் இல்லாதபோது இடங்களைச் சேர்த்துவைத்து, பிறகு அனுப்பும். பிள்ளை வீடு வந்து சாப்பிட்டுத் தூங்கிய பிறகு, சாயந்திரம் பஸ் ஊர்ந்த தெருவெல்லாம் கடகடவென்று சர்வரில் வந்து விழும்.