பம்பரில் அடித்த பெயின்ட் ஏன் உரிகிறது?

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பம்பரில் கீறல் விழுந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரே கேன் வாங்கி வீட்டிலேயே அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, வண்டி கழுவும்போது தோல் உரிவதுபோல் உரிந்து வந்துவிட்டது. அதே கேனால் கதவில் அடித்தது அப்படியே இருக்கிறது. பெயின்ட் போலியா?"

பெயின்ட் மேல் தப்பில்லை. கதவு இரும்பு, பம்பர் பிளாஸ்டிக். அதிலும் பெரும்பாலான பம்பர்கள் பாலிபுரொப்பிலீனில் ரப்பர் கலந்து வார்த்தவை. பம்பரைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் பிபி+ஈபிடிஎம் (PP+EPDM) என்று அச்சு இருக்கும்; பிபி பாலிபுரொப்பிலீன், ஈபிடிஎம் அந்த ரப்பர். பெயின்ட் படாத அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பரவாமல் முத்தாகத் திரண்டு நிற்கும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல் அதே அளவையில் 30 பக்கம்தான். தண்ணீரைத் தன் பக்கம் இழுக்க அதற்குப் பலம் போதாது.

காரணம் எளிது. இரும்பின் மேல் எப்போதும் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும், பெயின்ட் மூலக்கூறுகள் அதைப் பற்றிக்கொள்ளும். பாலிபுரொப்பிலீனில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும். பற்றிக்கொள்ள ஒரு பிடி கூட இல்லை. மெழுகுவத்திக்குப் பெயின்ட் அடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தின்னர் இருப்பதால் ஈரத்தில் பெயின்ட் நன்றாகவே பரவிவிடுகிறது, வாசகர் ஏமாந்தது அங்கேதான். தின்னர் பறந்த பிறகு, பிடிப்பில்லாத தோல் ஒன்றுதான் மிச்சம்.

தொழிற்சாலையில் கேஸ் தீச்சுடரைப் பம்பர் மேல் ஒரு நொடிகூட நிற்காமல் ஓட்டி எடுப்பது ஒரு வழி. பிளாஸ்டிக் உருகுவதற்குள், மேற்பரப்பில் ஆக்சிஜன் அணுக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். வீட்டில் இதை முயலவே கூடாது.

வீட்டுக்கு உள்ள வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாலிபுரொப்பிலீனுக்கான பிளாஸ்டிக் பிரைமர், அதாவது ஒட்டுதலைக் கூட்டும் அட்ஹீஷன் ப்ரமோட்டர். அதற்குள் இருப்பது பெரும்பாலும் குளோரின் ஏற்றிய பாலிபுரொப்பிலீனேதான்! சைலீன் போன்ற கரைப்பானில் கரைத்திருப்பார்கள். அடித்ததும் கரைப்பான் பம்பரின் மேல்தோலுக்குள், முக்கியமாக ரப்பர் உள்ள இடங்களுக்குள் ஊறி, அதைக் கொஞ்சம் உப்ப வைக்கிறது. அந்த இடைவெளிகளில் பிரைமரின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் நுழைகின்றன. உள்ளே இருப்பதும் இவற்றின் உறவுதானே, தயக்கமில்லாமல் கலந்துவிடும். கரைப்பான் பறந்ததும் தோல் மறுபடி இறுகும். சங்கிலிகள் சிக்கு விழுந்த தலைமுடிபோல் உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குளோரின் பகுதி பெயின்ட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வீட்டுக்கும் உறவுக்காரர் ஒருவர் நடுவில் நின்று சம்பந்தம் பேசி முடிப்பதுபோல.

இதனால்தான் இதை மெல்லிசாக அடிக்கச் சொல்கிறார்கள். தடிமனாக அடித்தால், உள்ளே சிக்காத சங்கிலிகள் நடுவில் தனி அடுக்காகத் தங்கும். பெயின்ட் அந்த இடத்தில் கிழியும்.

ஒட்டுதல் ஆராய்ச்சிக்கு ராக்கெட் போலக் கவர்ச்சி கிடையாது, நிதி ஒதுக்கும்போது கடைசி வரிசைதான். இது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். இத்தாலியில் ஜூலியோ நாட்டா என்ற வேதியியலாளர் 1954இல் பாலிபுரொப்பிலீனைச் சீரான படிக வடிவில் உருவாக்கினார், 1963இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் அதன் மேல் நிறம் நிற்க வைக்க, பெயர் தெரியாத எத்தனையோ வேதியியலாளர்கள் உழைக்க வேண்டியிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, மெழுகு, சிலிக்கான் பாலிஷ் எல்லாம் போக்குங்கள். லேசாகத் தேயுங்கள், அழுத்தினால் பிளாஸ்டிக்கில் பஞ்சுபோல் பிசிறு கிளம்பும். மழை நாளில் வேண்டாம். கரைப்பான் பறக்கும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து நிறம் வெளுக்கும். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. பெயின்ட்டுக்கு மேல் அடிக்கும், ஹார்டனர் கலந்த கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான பொருள் உண்டு, துணி முகமூடி அதைத் தடுக்காது.

உடைந்த பம்பர் துண்டு ஒன்றில் நான் செய்து பார்த்தேன். பாதிக்கு மட்டும் இந்தப் பிரைமர், அப்புறம் முழுவதும் ஒரே சிவப்பு. ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்தேன். பிரைமர் இல்லாத பக்கத்துச் சிவப்பு முழுக்க டேப்போடு வந்துவிட்டது. மறுபக்கத்தில் ஒரு கட்டம் கூடப் பெயரவில்லை.