காலி நாற்காலியின் விலை

பெரிய உல்லாசக் கப்பல்களில் தினமும் தவறாமல் ஒரு காட்சி நடக்கும். விடிந்தும் விடியாத நேரத்தில், நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் துண்டு விழுந்துவிடும். துண்டு போட்டு இடம் பிடித்தவர் அறைக்குத் திரும்பிப் போய் இன்னொரு தூக்கம் போடுவார். நாற்காலி பத்து மணிவரை தனியாக வெயில் காயும். இந்தத் தொல்லை தாங்காமல், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஆள் வராத நாற்காலியிலிருந்து துண்டை எடுத்துவிடும்படி பணியாளர்களுக்குச் சொல்லி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு.

செய்தித்தாள்கள் எல்லாப் பயணக் கப்பலையும் சொகுசுக் கப்பல் என்றுதான் எழுதும். தொழிலில் இருப்பவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்ற சில நிறுவனங்களின் கப்பல்களை மட்டுமே அந்த வகையில் சேர்ப்பார்கள். அந்தக் கப்பல்களில் துண்டு போடும் வழக்கம் அநேகமாகக் கிடையாது. அங்கே வருகிறவர்கள் மகா நாகரிகமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்காலி மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். நடுப்பகலிலும் பத்து நாற்காலி சும்மா கிடக்கும். அந்தப் பத்து நாற்காலிக்குத்தான் பயணி காசு கொடுத்திருக்கிறார் என்பேன் நான். பளிங்குத் தரையும் ஷாம்பெய்னும் ஒப்பிட்டால் மலிவு. கடலில் விலை கூடிய சரக்கு, காலியாகக் கிடக்கும் இடமும் வேலையில்லாமல் நிற்கும் ஆளும்தான்.

சரி, காலி இடத்தை விற்று எப்படி லாபம் பார்ப்பது?

முதலில் அதை அளக்க வேண்டும். கப்பலின் அளவைச் சொல்ல 'கிராஸ் டன்னேஜ்' என்று ஓர் எண் உண்டு. பெயரில் டன் இருந்தாலும் அது எடை இல்லை. 1969ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கைப்படி, கப்பலின் மூடிய பகுதிகளின் மொத்தக் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் எண் அது. எனவே அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது தெரிந்துவிடும். தொழிலில் இதற்கு ஸ்பேஸ் ரேஷியோ என்று பெயர். 2024 ஜனவரியில் கன்னிப் பயணம் போன ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் டன்னேஜ் 2,48,663. அறைக்கு இருவர் வீதம் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வருகிறது. 2023இல் வந்த சில்வர்சீயின் 'சில்வர் நோவா' அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. டன்னேஜ் சுமார் 54,700தான். ஆனால் பயணிகள் 728 பேர் மட்டுமே என்பதால் விகிதம் 75. பணியாளர் கணக்கும் இதே கதைதான். ஐகானில் ஏறக்குறைய 2.4 பயணிகளுக்கு ஒரு பணியாளர், நோவாவில் 1.3 பேருக்கு ஒருவர்.

'அறைக்கு இருவர்' என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தத் தொழிலில் அறைக்கு இருவர் இருந்தாலே நூறு சதவீதம் நிரம்பியதாகக் கணக்கு. சுவரிலிருந்து இறங்கும் மடிப்புக் கட்டிலில் பிள்ளைகள் இரண்டு படுத்தால் அது நூறைத் தாண்டிவிடும். கப்பல் நூற்றைந்து சதவீதம் நிரம்பியது என்று ஆண்டறிக்கையில் எழுதுவது இவர்களுக்குச் சர்வ சாதாரணம். ஐகானில் எல்லாக் கட்டிலும் நிரம்பினால் 7,600 பேர். அப்போது 44 என்ற விகிதம் 33க்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் 44ஐப் பார்த்து வந்தவருக்குக் கிடைப்பது பள்ளி விடுமுறைக் கால 33.

இடம் குறைந்தால் என்ன ஆகிறது என்பதற்கு அழகான கணிதம் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு அது. ஒரு பார் கவுன்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பணியாளர். ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வருகிறார்கள். ஒருவர் தண்ணீர் கேட்கிறார், அடுத்தவர் ஆறு சாமான் கலக்க வேண்டிய காக்டெயில் கேட்கிறார். பணியாளர் தன் நேரத்தில் பாதியில் மட்டும் வேலையாக இருந்தால், கவுன்ட்டரில் சராசரியாக நிற்பது ஒருவர்தான். 80 சதவீதம் வேலையாக இருந்தால் நான்கு பேர். 90 என்றால் ஒன்பது. 95க்குப் போனால் பத்தொன்பது! வேலை கூடியது ஐந்து சதவீதப் புள்ளி, வரிசை நீண்டதோ இரண்டு மடங்குக்கு மேல். நூறை நெருங்க நெருங்க வரிசை கட்டுக்கடங்காமல் போகும்.

இந்த இடத்தில்தான் கணக்காளரும் பயணியும் முட்டிக்கொள்கிறார்கள். பாதி நேரம் சும்மா நிற்கும் பணியாளர் கணக்காளர் கண்ணுக்குத் தண்டச் சம்பளம். பயணிக்கோ அவர்தான் ஆடம்பரம்: திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்கிறது.

பெரிய கப்பல்கள் இதைச் சமாளிக்கும் வழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அது கெட்டிக்காரத்தனமானது. வரிசைக்கு வேர், ஆட்கள் ஒழுங்கில்லாமல் வருவது. அந்த ஒழுங்கின்மையைக் குறைத்தால் பணியாளரைக் கூட்டாமலே வரிசையைச் சுருக்கலாம். ஆகவேதான் கப்பல் ஏறுவதற்கே நேரம் குறித்துத் தருகிறார்கள், இரவுச் சாப்பாட்டை இரண்டு பந்தியாகப் பிரிக்கிறார்கள், நாடகத்துக்கும் செல்போன் செயலியில் முன்பதிவு செய்யச் சொல்கிறார்கள். பயணியின் சுதந்திரத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பைக் குறைத்துக் கொடுக்கிறார்கள். சொகுசுக் கப்பலில் எப்போது பசிக்கிறதோ அப்போது வரலாம், யாரோடு வேண்டுமானாலும் உட்காரலாம். அந்த 'எப்போது வேண்டுமானாலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் சும்மா நிற்கும் பணியாளரும் காலி மேசையும் இருக்கிறார்கள்.

அப்புறம் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்ற கேள்வி. 2023இல் கார்னிவல் என்ற பயணக் கப்பல் குழுமத்தின் மொத்த வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் மூலம் வந்தது 1,410 கோடி. மீதி, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதல், பெரும்பாலும் பயணி கப்பலேறிய பிறகு கழன்றது: மது, கேசினோ, இணையம், கரைச் சுற்றுலா, புகைப்படம். இதனால் டிக்கெட்டை மலிவாக்கியாவது அறையை நிரப்புவது லாபம். வெறும் அறை கேசினோவுக்குப் போகாதே.

இந்த இரண்டாவது பை கப்பல் போகும் வழியையே மாற்றிவிடுகிறது. துறைமுகத்தில் நிற்கும்போது அந்தந்த நாட்டின் சுங்க, சூதாட்டச் சட்டங்கள் குறுக்கே வரும். கேசினோவையும் தீர்வையில்லாக் கடையையும் பொதுவாகப் பூட்டிவிட வேண்டியிருக்கும். கப்பல் கரையில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கல்லாவுக்கு நஷ்டம். எனவே கரையையும் தங்களுடையதாக்கிக்கொண்டால் என்ன என்று யோசித்தார்கள். நார்வீஜியன் நிறுவனம் பஹாமாஸில் கிரேட் ஸ்டிரப் கே என்ற தீவை 1977இலேயே வாங்கிவிட்டது. ராயல் கரீபியன் 25 கோடி டாலர் செலவழித்து கோகோகே தீவை 2019இல் பொழுதுபோக்குப் பூங்காவாக மாற்றியது. பயணி கப்பலைவிட்டு இறங்குகிறார். பணப்பை மட்டும் இறங்கவே இல்லை.

சொகுசுக் கப்பல் இதற்கு நேர்மாறான வழியில் போகிறது. மது, பரிமாறுபவருக்கான டிப்ஸ், சில நிறுவனங்களில் கரைச் சுற்றுலாவும்கூட டிக்கெட் விலையிலேயே அடக்கம். தாராள மனசு என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் மனித மனம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் எழுதிய கட்டுரை, பணம் கொடுக்கும் செயலே ஒரு சிறு வலி என்கிறது; அனுபவிக்கும் நேரத்தில் அந்த வலி வந்தால் இன்பம் குறையும். முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிட்டால், விடுமுறை இலவசம் போலத் தோன்றும். பத்து மாதத்துக்கு முன் கட்டிய பெரிய தொகையை மறந்துவிடுகிறோம். நேற்று ராத்திரி கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு டாலர் பில் நெஞ்சிலேயே நிற்கிறது.

நிறுவனத்துக்கும் இதில் பெரிய ஆபத்து இல்லை. மது மொத்த விலையில், பெரும்பாலும் தீர்வை இல்லாமல் வாங்கியது. மனிதன் ஒரு நாளில் குடிக்கவும் சாப்பிடவும் ஓர் எல்லை இருக்கிறது. வயிற்றின் கொள்ளளவைக் கணக்கிட சர்வதேச உடன்படிக்கை தேவையில்லை. எல்லாவற்றையும் சேர்த்துத் தந்தாலும் அரிய ஒயினுக்கும் ஸ்பாவுக்கும் தனிக் காசுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைவிடப் பெரிய விற்பனை ஒன்று கப்பலுக்குள் சத்தமில்லாமல் நடக்கும். அடுத்த பயணத்துக்கான முன்பதிவு மேசை அது. மனசு குளிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஆளிடம் அடுத்த ஆண்டுப் பயணத்தை விற்க விளம்பரச் செலவு ஏறக்குறைய பூஜ்யம். திரும்பத் திரும்ப வருகிறவர்களை நம்பியே இந்தக் கப்பல்கள் ஓடுகின்றன.

கேசினோவை நம்பாததால் இன்னொரு சௌகரியமும் கிடைக்கிறது, இயற்பியல் வழியாக. கப்பலைத் தள்ளத் தேவையான திறன் தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் திறன் தேவை 27 சதவீதம் இறங்கும். பயணம் சற்று நீளும் என்பதைச் சேர்த்துப் பார்த்தாலும், அதே தூரத்துக்கு உந்துசக்தியில் செலவாகும் எரிபொருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். ஆகவே மெதுவாகப் போவதும், பக்கத்துப் பக்கத்துத் துறைமுகங்களைத் தேர்ந்தெடுப்பதும், ராத்திரி கரையிலேயே கட்டிக்கிடப்பதும் எரிபொருள் பில்லுக்கு நல்லது. இரவு முழுக்கத் துறைமுகத்தில் நிற்பதைச் சொகுசுக் கப்பல்கள் பெருமையாக விளம்பரம் செய்வதன் பின்னணியில் இதுவும் உண்டு. பயணிக்கு நகரத்தின் இரவு கிடைக்கிறது, இன்ஜினுக்கு ஓய்வு கிடைக்கிறது. லாபமும் அனுபவமும் சண்டையில்லாமல் ஒரே திசையில் போகும் அபூர்வமான இடம் இது.

விற்காத அறை விஷயத்தில் அப்படிச் சமாதானம் இல்லை. கப்பல் கிளம்பிய நொடியில் காலி அறையின் மதிப்பு பூஜ்யம். பி.ஓ.ஏ.சி. விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972இல் இதற்கு ஒரு விதி சொன்னார். ஒருவர் இன்றே 4,000 டாலர் தரத் தயார். பின்னால் 10,000 டாலருக்கு ஒருவர் வரக்கூடும். அவர் வருவதற்கான வாய்ப்பு 40 சதவீதத்தைத் தாண்டினால் காத்திரு, குறைந்தால் இன்றே விற்றுவிடு. விமானத்தில் இது சுலபம், பக்கத்து இருக்கைக்காரரிடம் யாரும் டிக்கெட் விலை கேட்பதில்லை. கப்பலில் இரண்டு வாரம் ஒரே ஆட்களோடு சாப்பிட்டுப் பேசிச் சிரிக்கிறார்கள். எதிரே இருப்பவர் கடைசி நேரத்தில் பாதி விலைக்கு ஏறினார் என்று தெரிந்தால், முழு விலை கொடுத்தவருக்குச் சாப்பாடு இறங்குமா? இதற்குப் பயந்தே சொகுசு நிறுவனங்கள் விலையை வெளிப்படையாக வெட்டத் தயங்கும். பெரிய அறைக்கு மாற்றித் தருவது, கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணம் வரவு வைப்பது என்று தள்ளுபடிக்கு வேறு வேஷம் கட்டிவிடும்.

சும்மா நிற்கும் பணியாளரைப் பற்றி நான் இதுவரை சொன்னதில் ஒரு பொய் கலந்திருக்கிறது. அவர் பயணியின் கண்ணுக்குத்தான் சும்மா நிற்கிறார். கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடியில் ஓடுகின்றன. சம்பளமும் வேலை நேரமும் பயணிகளின் சொந்த நாட்டுச் சட்டப்படி நடப்பதில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கேட்பது 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, வாரத்தில் 77 மணி ஓய்வு. ஒப்பந்தம் முடியும்வரை பல மாதங்கள் இப்படியே ஓடும். 1.3 பயணிக்கு ஒருவர் என்ற விகிதம் கட்டுப்படியாவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை விளம்பரத் தாளில் அச்சடிக்க மாட்டார்கள்.

இன்னொரு காரணம், திரைக்குப் பின்னால் பெரிய அண்ணன்கள் நிற்கிறார்கள். சீபோர்ன் கார்னிவலுடையது. ரீஜென்ட் நார்வீஜியன் குழுமத்தில். சில்வர்சீயில் மூன்றில் இரண்டு பங்கை ராயல் கரீபியன் 2018இல் வாங்கி, 2020இல் முழுதாக எடுத்துக்கொண்டது. எரிபொருள் பேரம், கப்பல் பழுதுபார்ப்பு, முன்பதிவுக் கணினி இவையெல்லாம் துண்டு போடும் கப்பல்களின் பேரளவில் நடக்கும்போது சிறிய கப்பலுக்கும் செலவு குறைகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. எம்எஸ்சி நிறுவனம் 2008இல் 'ஃபன்டாசியா' கப்பலுக்குள் தனிக் கதவு, தனி நீச்சல் குளம், தனி உணவகம் என்று யாட் கிளப் ஒன்றைக் கட்டியது. கப்பலுக்குள் கப்பல். ஆயிரக்கணக்கானோர் பங்கு போட்டுக்கொண்ட இன்ஜின் மேல், சில பேருக்கு மட்டும் காலி நாற்காலி.

அண்ணன் பலம் எப்போதும் காப்பாற்றும் என்றும் இல்லை. கிரிஸ்டல் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனத்தின் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங், கோவிட் முடக்கத்தோடு தன் ஜெர்மன் கப்பல் கட்டும் தளங்களின் நஷ்டமும் சேர்ந்து 2022 ஜனவரியில் கவிழ்ந்தது. அடுத்த மாதமே பாக்கிக்காக கிரிஸ்டலின் கப்பல்கள் பஹாமாஸில் சிறைபிடிக்கப்பட்டன. ஏ அண்டு கே பயணக் குழுமம் 'செரினிட்டி', 'சிம்ஃபனி' இரண்டையும் வாங்கிப் புதுப்பித்து 2023இல் மறுபடி கடலில் இறக்கியது. கடனில் போன கப்பலை வாங்கியவர் கூடுதலாகக் கட்டில் போட்டு நிரப்பத்தானே பார்ப்பார்? அவர்கள் அறைகளை இடித்துப் பெரிதாக்கி, பயணிகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். 68,870 டன்னேஜ் கொண்ட செரினிட்டியில் இப்போது 740 பேர். ஸ்பேஸ் ரேஷியோ 93.