கீரை சாப்பிடறேனுங்க, ஆனா ரத்தம் ஏறலீங்க

ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ரத்தசோகை என்று டாக்டர் எழுதி அனுப்பும் பெண்களில் பாதிப்பேர் நாற்காலியில் உட்காரும்போதே மேலே உள்ள வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "இன்னும் கொஞ்சம் கீரை சேர்த்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி அனுப்புவதில்லை. "எப்படிச் செய்றீங்க?" என்று கேட்கிறேன்.

அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தவர் விசைத்தறியில் வேலை செய்யும் ஒரு அம்மா. வயது முப்பத்துநாலு. ஹீமோகுளோபின் 8.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தறிக்கு முன்னால் நின்றால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது.

"வாரத்துல நாலு நாள் கீரைதானுங்க மேடம்."

"சரிங்க, எப்படிச் செய்வீங்க?"

சொன்னார். கீரையைப் பொடியாக நறுக்கி, அப்புறம் கழுவி, குக்கரில் போட்டு மூன்று விசில். பச்சை நிறம் போகாமல் இருக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா. பையன் கசக்கிறது என்கிறான் என்பதால் வெந்த தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவார். மிக்ஸியில் ஒரு சுற்று, உப்பு, அவ்வளவுதான். "செஞ்சாலும் யாரும் தொடறதில்லீங்க. மிச்சத்தை நான்தான் கடைசியா வழிச்சுப் போட்டுக்குவேன்." எவ்வளவு என்று கேட்டேன். கையைக் குவித்துக் காட்டினார். ரெண்டு ஸ்பூன் இருக்கும். சாப்பிட்டு முடித்த கையோடு தறிப்பட்டறையில் டீ வந்துவிடும்.

வாரத்துக்கு நாலு நாள் என்பது உண்மைதான். ஆனால் நறுக்கிய பிறகு கழுவியதிலும், வடித்துக் கொட்டியதிலும் நீரில் கரையும் சத்துகள் போயின. ஃபோலேட்டும் வைட்டமின் சி-யும் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகின்றன. சோடா பச்சை நிறத்தைக் காப்பாற்றும், வைட்டமின் சி-யையும் பி1-ஐயும் அழிக்கும். மிச்சம் இருந்த ரெண்டு ஸ்பூனில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதற்குள் டீயில் இருக்கும் டானின் அதைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனைக்கும் மேலே, அந்த வீட்டில் யாருக்கும் அந்தக் கீரை பிடிக்கவில்லை. எனக்கு உண்மையில் மனசு கஷ்டமாக இருந்தது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான். மருந்து மாதிரி செய்தால் மருந்து மாதிரிதான் சாப்பிடுவார்கள்.

கீரைக் கடைசல் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும் பதார்த்தம். களிக்கும் கம்மஞ்சோற்றுக்கும் சுடுசோற்றுக்கும் அதுதான் துணை. மழை பெய்கிற நாளில், உடம்பு அசதியாக இருக்கிற ராத்திரியில், சுடச்சுடச் சோற்றில் குழி பறித்து, கடைந்த கீரையை ஊற்றி, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு ஆறுதலான சாப்பாடு என்று. அந்த ருசி திரும்பி வராமல் வெறும் சத்துக் கணக்கு சொல்லிப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதனால் அந்த அம்மாவுக்கு அட்டவணை கொடுக்காமல் சமையல் சொன்னேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அரைக்கீரை ஒரு கட்டு. எங்கள் வீட்டுத் தராசில் வேரைக் கிள்ளி ஆய்ந்த பிறகு 230 கிராம் வந்தது. இளந்தண்டை எறிய வேண்டாம். கழுவுவதை எப்போதும் நறுக்குவதற்கு முன்னால் செய்யுங்கள். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமுக்கி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே உட்காரும். மூன்று தண்ணீர் மாற்றிய பிறகு அடியில் மணல் நெருடக் கூடாது. சாக்கடை கலந்த தண்ணீர் பாயும் இடங்களிலும் கீரை விளைகிறது, புழு முட்டைகளும் டைபாய்டு கிருமியும் இலையோடு வரலாம். ரத்தசோகை இருப்பவர்களுக்குக் குடல்புழுவும் சேர்ந்தால் கஷ்டம் இரட்டிப்பு.

மண்சட்டியில் அரை டம்ளர் தண்ணீர் கொதிக்கட்டும். அதில் பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ரெண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம் போட்டு, அவை பாதி வெந்ததும் கீரையைப் போடுங்கள். சட்டிக்கு மேலே மலை மாதிரி நிற்கும், ரெண்டு நிமிடத்தில் அடியில் போய்ப் படுத்துவிடும். தண்ணீர் அவ்வளவு போதும், கீரையே விடும். மூடி போட வேண்டாம்.

மூடாமல் வேகவைக்கச் சொல்லி என் பாட்டி அதட்டுவார். ஏன் என்று கேட்டால் "கறுத்துப் போகும்" என்பதோடு சரி. காரணம் நான் கல்லூரியில் படித்தேன். இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூட்டில் இலையிலிருந்து வெளியேறும் அமிலம் அந்த மக்னீசியத்தை வெளியே தள்ளிவிட்டால் நிறம் பழுப்பாக மாறும். மூடி இல்லாவிட்டால் அந்த அமிலத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். பாட்டி சொன்னபடி செய்தால் சோடாவுக்கு வேலையே இல்லை. தக்காளியோ புளியோ சேர்ப்பதாக இருந்தால் அதையும் கீரை வெந்த பிறகு சேருங்கள், காரணம் அதேதான்.

ஐந்தாறு நிமிடத்தில் தண்டை நசுக்கிப் பார்த்தால் குழையும். இறக்கி, உப்புப் போட்டு, மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அரைத்தால் ஒரே கூழாகி வழவழப்பாகிவிடும், குழந்தைகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அந்த வழவழப்பைப் பார்த்துத்தான். மத்தில் கடைந்தால் இலை மசியும், தண்டு அங்கங்கே நாக்கில் தட்டுப்படும், பூண்டு முழுசாக ஒன்றிரண்டு கிடைக்கும். வெந்த தண்ணீர் அதிலேயே இருக்கட்டும். அதிகமாகத் தெரிந்தால் தனியாக எடுத்து வைத்து ரசத்தில் ஊற்றுங்கள்.

தாளிப்புக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, ரெண்டு வரமிளகாய், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை. கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது, கொழுப்பு கூட இருந்தால்தான் அதைக் குடல் நன்றாக உறிஞ்சும். எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிடுவது டயட் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தினமும் கடைசல் என்றால் அலுத்துப்போகும். முருங்கைக்கீரையைப் பொரியலாகச் செய்யுங்கள். அதைக் காம்போடு உருவிப் போட்டால் கட்டி கட்டியாகச் சேரும், இலையைத் தனித்தனியாக உருவி, கடைசியில் கரண்டிக் காம்பால் கிளறினால் உதிரியாக நிற்கும். கூடவே வேகவைத்த பாசிப்பருப்பு ஒரு பிடி, தேங்காய்த் துருவல் ஒரு பிடி. நாகர்கோவில் பக்கம் இதையே துவரன் என்பார்கள், செட்டிநாட்டில் அரிசி களைந்த தண்ணீரில் கீரை மண்டி வைப்பார்கள், யாழ்ப்பாணத்தில் வறை. மணத்தக்காளிக் கீரைக்குக் கூட்டுதான் பொருந்தும், பருப்பும் தேங்காயும் அதன் லேசான கசப்பைத் தணிக்கும்.

இனி இரும்புச்சத்துக் கணக்கு. இதை நேராகச் சொல்லிவிடுவது என் கடமை. நம் நாட்டுப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்குத் தினமும் 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. நூறு கிராம் அரைக்கீரையிலோ முருங்கைக்கீரையிலோ சுமார் 4.5 மில்லிகிராம் இருக்கிறது. எல்லோரும் உசத்தியாகப் பேசும் பாலக்கில் சுமார் 3 தான். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தினமும் 100 கிராம் கீரை சாப்பிடச் சொல்கிறது. அதைச் சரியாகச் செய்தாலும் ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கும். மீதி கேழ்வரகு, கம்பு, பருப்பு, சுண்டல், முட்டை, கறி, மீன் என்று பல இடத்திலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இவர்களில் ஹீமோகுளோபின் எட்டு, ஒன்பதில் நிற்பவர்களுக்குக் கீரை மட்டும் போதாது. டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, மூலம் இருக்கிறதா, குடல்புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். "மாத்திரை சூடு, கீரையே போதும்" என்று நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து இன்னும் மோசமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கீரை இருக்கும் சாப்பாட்டில் வைட்டமின் சி-க்கும் ஒரு இடம் கொடுங்கள், கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவும். பெரிய நெல்லிக்காய் ஒன்றைத் துருவிப் பச்சடி செய்யலாம், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியலாம், ஒரு கொய்யாப்பழம் சாப்பிடலாம். டீ, காபி ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மாத்திரையை இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம்.

ராத்திரியில் கீரை சாப்பிடலாமா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். செரிமானம் நன்றாக இருப்பவர்கள் சாப்பிடலாம். மங்கலான விளக்கில் ஆய்ந்தால் பூச்சி தெரியாது, நார்ச்சத்து சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும். அந்தக் காலத்தில் தடுத்ததற்கு இதெல்லாம் காரணமாக இருந்திருக்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு நிதானமாகச் சமைக்கக் கிடைப்பதே ராத்திரி நேரம்தான். அதையும் பறிக்க வேண்டாம். மிச்சமானால் சட்டியோடு அடுப்பு மேல் விடாமல் ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று எனக்குக் கவலை தருகிறது. காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் கீரையை அரைத்து ஜூஸாகக் குடிப்பது. பாலக், தண்டுக்கீரை, பருப்புக்கீரை ஆகியவற்றில் சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். சமைத்தால் ஒரு கட்டை நாலு பேர் சாப்பிடுவோம், ஜூஸில் ஒரே ஆள் ஒரு கட்டையும் விழுங்கிவிடுவார். தினமும் இப்படிக் குடித்துச் சிறுநீரகம் பழுதான நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. கழுவாத இலையின் கிருமி தனி ஆபத்து. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வெந்தயக்கீரை போல ஆக்சலேட் குறைந்ததைச் சாப்பிடலாம். பாலக்தான் வேண்டும் என்றால் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, தயிர்சாதத்தோடு கொஞ்சமாக. தயிரில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிப்போடும்.

சிறுநீரகம் செயல் குறைந்து பொட்டாசியம் ஏறியிருப்பவர்களுக்கும் இந்த வடித்தல்தான் சரி. மேலே வடிக்காதீர்கள் என்று சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவரவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டரும் உணவு ஆலோசகரும் சொல்ல வேண்டும்.

தறி வேலைக்காரம்மா மூன்று மாதம் கழித்து வந்தார். ஹீமோகுளோபின் 11.2. மாத்திரையும் புழு மருந்தும் ஒழுங்காக எடுத்திருந்தார், ஏற்றம் பெரும்பாலும் அதனால்தான் என்று அவரிடமே சொன்னேன். "அது சரிங்க மேடம். ஆனா இப்ப கடைஞ்ச சட்டியில சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு தரச்சொல்லிப் பையன் வந்து நிக்கறானுங்க" என்றார். அவர் தட்டிலும் இப்போது அரைக் கிண்ணம் விழுகிறது, கடைசியில் வழித்தது அல்ல, முதல் கரண்டி.

கடைசியாக, இதய வால்வு மாற்றியவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும். கீரையில் வைட்டமின் கே அதிகம், அது இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இதைக் கேட்டதும் பயந்து கீரையை அடியோடு விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று ஏற்றி இறக்குவதில்தான் ஆபத்து. அளவை மாற்றாமல் சாப்பிட்டால், அதற்கு ஏற்றபடி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைப் பார்த்து டாக்டர் மாத்திரையைச் சரிசெய்வார். என்னிடம் வரும் ஒரு பெரியவர் ஒன்பது வருடமாகக் கீரையே தொடாமல் இருந்தவர். டாக்டரிடம் பேசி முடிவு செய்தபடி இப்போது செவ்வாயும் வெள்ளியும், அதே கிண்ணத்தில் ஒரு கிண்ணம். சாப்பிட்ட நாளைத் தினசரிக் காலண்டர் தாளில் பேனாவால் சுழித்து வைத்து, ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாள்களையும் கிழித்து எடுத்து வருகிறார்.