நர்சிங் சீட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் வட்டாரங்களில் நர்சிங் படிப்பு பற்றிய பேச்சு சூடுபிடித்துவிடும். செவிலியர் கல்வியில் ஆசிரியையாக இருக்கிறேன். சேர்க்கைக் காலத்தில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்காருவேன். பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "ஸ்காலர்ஷிப் எவ்வளவு வரும் மேடம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பிள்ளைக்கு சீட் எந்த வழியாகக் கிடைத்தது?" என்று. பணம் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

பி.எஸ்சி. நர்சிங் அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் இடங்களும் இதே கலந்தாய்வில்தான் நிரம்புகின்றன. அந்த வழியில் போகும் பிள்ளைக்கு நிர்ணயிக்கப்பட்ட கட்டணம். உதவித்தொகைக்கும் வாசல் திறந்திருக்கும். கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணமும் கூடுதல், பல உதவித்தொகைகளும் கிடையாது. கலந்தாய்வு முடியும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஜூன் மாதமே முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. அவசரப்படாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிறிஸ்தவ மதத்திற்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்கள், "நாங்கள் வேறு மதம், எங்களுக்குக் கிடைக்காது" என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுவதை இந்த மாவட்டத்தில் நிறையப் பார்க்கிறேன். தமிழ்நாடு அரசின் உதவித்தொகை அவர்களுக்கும் உண்டு. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் தனித் திட்டம் இருக்கிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம்.

எங்கள் பகுதிக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று பீடித் தொழிலாளர் உதவித்தொகை. பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து மகளோடு வந்த ஓர் அம்மா, ரேஷன் கார்டு உறைக்குள் பீடி அட்டையை நான்காக மடித்து வைத்திருந்தார். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. "இது பீடி ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க மட்டும்தானே மேடம்?" என்றார். இல்லை. பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நல அமைப்பு படிப்புக்கேற்ப ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் இதையும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும் சேர்த்து வாங்க முடியாது. எது கூடுதலோ அதைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் நல வாரிய அட்டையைத் தேடி எடுங்கள். அந்த வாரியமும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுகிறது.

எல்லாத் தகுதியும் இருந்தும் பணம் வராமல் நிற்பது வங்கிக் கணக்கில்தான். பணம் ஆதார் இணைந்த கணக்குக்கே போகும். பிள்ளை ஏழாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கோடு ஆதார் இணைந்திருக்கும். அதில் வரவு செலவே இல்லாமல் கணக்கு முடங்கிப் போயிருக்கும். கல்லூரிக்காகத் திறந்த புதுப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "பணம் வரவில்லை" என்று அலைவார்கள். எந்த வங்கியில் ஆதார் இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் விடுமுறையிலேயே திருத்திவிடுங்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டிய காகிதம் அது.

பக்கத்து மாநிலக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்டுகளைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியவில்லை. "பணமே வேண்டாம், ஸ்காலர்ஷிப்பில் கழித்துக்கொள்வோம்" என்பார்கள். ஒரிஜினல் டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் அவர்கள் கைக்குப் போய்விடும். உதவித்தொகை வராவிட்டால் முழுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்பார்கள். இப்படி மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் அழுகையை நேரில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியையும் நம்பாதீர்கள். கடை மாடிகளில் நடக்கும் ஓராண்டு "நர்சிங்" படிப்புகளிலும் சேர்க்காதீர்கள். அதை முடித்தவர் நர்ஸ் ஆகத் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் பற்றாவிட்டால் கல்விக் கடன் இருக்கிறது. 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிந்தைய ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அதற்குக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வங்கிக்குப் போகும்போது கடனை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழையும் அன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.