கசடு ஏன் அடியில் படிகிறது?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் என்ன மருந்தைப் போட்டுத் தண்ணீரைத் தெளிய வைக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்திய நகரங்களில் பரவலாக உள்ள ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் (படிந்த உயிருள்ள கசட்டையே மறுபடி பயன்படுத்தும்) முறையில், கடைசியில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கும் குளோரினைத் தவிர, பொதுவாக எந்த மருந்துக்கும் வேலை இல்லை. தெளிய வைப்பவை கழிவுநீரோடு தாமாகவே வந்து சேரும் பாக்டீரியாக்கள்தாம்.

குப்பையைச் சல்லடையில் பிடிப்பதும் மணலைப் படிய விடுவதும் எளிதில் விளங்கக்கூடியவை. அடுத்து வரும் தொட்டியில் புளோயர் காற்றைச் செலுத்த, நீரில் கரைந்திருக்கும் அழுக்கைப் பாக்டீரியாக்கள் தின்று பெருகுகின்றன. ஆனால் ஒரு பாக்டீரியா மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அடர்த்தியும் ஏறத்தாழ நீரினுடையதே. தனியாக விட்டால் பல நாள் ஆனாலும் படியாத அது, அடுத்த தொட்டியில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்படிப் படிகிறது?

உணவு தாராளமாக இருக்கும்வரை தனித்தனியே திரியும் பாக்டீரியாக்கள், உணவு குறையத் தொடங்கியதும் தாம் சுரந்த சர்க்கரையும் புரதமும் கலந்த பசையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பழுப்பு நிறப் பஞ்சுத் திரள்களாகின்றன. திரளானதும் கனத்து மூழ்குகின்றன. இப்படிப் படிந்த கசட்டின் பெரும்பகுதியைப் பம்ப் வைத்து மறுபடி காற்றுத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். ஒட்டத் தெரியாதவை தெளிந்த நீரோடு வெளியேறிவிட, ஒட்டி மூழ்கியவற்றுக்கு மட்டுமே அடுத்த வேளை உணவு கிடைக்கிறது. விதைநெல்லைப் பொறுக்கி எடுப்பதைப் போன்ற இந்தத் தேர்வை அந்தத் தொட்டி ஓயாமல் நடத்திக்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் 1914-இல் கண்டது இதைத்தான். ஒரு பாட்டில் கழிவுநீரில் ஆக்சிஜனேற்றம் முழுமை பெற முதலில் சுமார் 5 வாரம் பிடித்தது. படிந்த கசட்டைக் கொட்டாமல் அதன் மேலேயே புதிய கழிவுநீரை ஊற்றி ஊற்றிக் காற்றூட்டியபோது, அதே வேலை 24 மணி நேரத்தில் முடிந்தது. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் 1916-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். இத்துறையில் புரோட்டோசோவாக்கள் எனும் ஒற்றைச் செல் உயிரிகளின் பங்கைப் பற்றி அதே கழகத்தின் பிள்ளையும் சுப்பிரமணியனும் 1942-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்.

ஒரு சொட்டுக் கசட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், திரளில் காம்பை ஊன்றி, மணி போல் வாய் விரித்து நிற்கும் வார்டிசெல்லா என்ற புரோட்டோசோவாவைக் காணலாம். வாயைச் சுற்றியுள்ள மயிரிழைகளால் நீரைச் சுழற்றி, ஒட்டாமல் திரியும் பாக்டீரியாக்களை அது இழுத்து விழுங்குகிறது. கண்ணாடியைச் சற்றுத் தட்டினால் காம்பைச் சுருள்வில்லாகச் சுருக்கிக்கொள்கிறது. நீர் பளிங்கு போல் தெளிவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு மைக்ராஸ்கோப்பும் அதில் பார்க்கத் தெரிந்த ஒருவரும் இருப்பதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொட்டியின் உடல்நிலையை அறிய காற்றுத் தொட்டியில் உள்ள நீரும் கசடும் சேர்ந்த கலவையில் ஒரு லிட்டரை அளவுக் குடுவையில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைப்பார்கள். நல்ல கசடு 200, 300 மில்லிலிட்டர் அளவுக்கு அடியில் இறங்கிவிடும், மண்வாசனைதான் வரும். போதிய காற்று கிடைக்காமல் நாள்கள் கழிந்தால் இழை வடிவப் பாக்டீரியாக்கள் பெருகி, திரள்கள் சிலிர்த்து உப்பி, அரை மணி கழிந்தும் மேலேயே நிற்கும். காற்று அடியோடு நின்றால் கசடு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வீசும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் கழிவுநீர் சுமார் 7,237 கோடி லிட்டர். அதில் சுத்திகரிக்கப்பட்டது ஏறத்தாழ 28 சதவீதம். நிறுவப்பட்டிருந்த திறனோ 3,184 கோடி லிட்டர். நாறும் ஏரிகளில் நுண்ணுயிர் உருண்டைகளை எறிந்தால் போதும் என்ற நம்பிக்கை எனக்கு வருத்தம் தருகிறது. நுண்ணுயிர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. இல்லாதவை காற்றும், கசட்டைத் திருப்பி அனுப்பும் பம்பும்தான்.

2019 கோடையில் ஏரிகள் வறண்ட சென்னையில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரித்த நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் மேலும் தூய்மையாக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையங்கள் அமைந்தன. அந்தச் சவ்வுகளின் நுண்துளைகள் அடைபடாமல் இருக்க, முந்தைய தொட்டியில் கசடு ஒழுங்காகப் படிந்திருக்க வேண்டும்.