பசித்த வேர் பூசணத்தை அழைக்கும் விதம்

மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் வேருக்கு எளிதில் கிடைப்பதில்லை. மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே கிடப்பது அதன் குணம். தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை வேர் உறிஞ்சித் தீர்த்துவிட்டால், அதற்கு அப்பால் எட்டாது. அப்போதுதான் வேர் துணை தேடுகிறது. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளோடு மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் நுழையும் வேர் உட்பூசணங்கள்தான் அந்தத் துணை. நிலத்தாவர இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கூட்டு உண்டு. ஸ்காட்லாந்தில் கிடைத்த சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவங்களிலும் இதன் தடம் இருக்கிறது.

சரி, வேர் எப்படி அழைக்கிறது? ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற ஹார்மோனை மண்ணில் கசியவிடுகிறது. இது தெரியவந்த கதையே தனி. 1966-இல் பருத்தி வேரின் கசிவிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பயிரின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஸ்ட்ரைகா என்ற களையின் விதையை முளைக்கவைக்கும் பொருள் அது. தன் எதிரியை எழுப்பும் பொருளைச் செடி ஏன் சுரக்க வேண்டும்? விடை கிடைக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. 2005-இல் ஜப்பானின் கோகி அகியாமா குழு, அது உண்மையில் பூசணத்துக்கான அழைப்பு என்று காட்டியது. களை அதை ஒட்டுக்கேட்கிறது, அவ்வளவுதான். அப்புறம் 2008-இல் இரண்டு குழுக்கள், இதே வகைப் பொருள்தான் செடிக்குள் கிளை வெடிப்பதைத் தடுக்கும் ஹார்மோன் என்று கண்டறிந்தன. மணிச்சத்து குறைந்தால் இதன் சுரப்பு கூடும். வெளியே பூசணத்துக்கு அழைப்பு போகிறது, உள்ளே புதுக் கிளைக்கான செலவு நிற்கிறது. இரண்டையும் ஒரே பொருள் செய்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

பூசணத்தின் பக்கம் பார்ப்போம். முளைத்த வித்து, தன்னிடமுள்ள கொழுப்புச் சேமிப்பை நம்பி ஓர் இழையை நீட்டுகிறது. வேர் கிடைக்காவிட்டால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். ஸ்ட்ரைகோலாக்டோன் ஈர மண்ணில் சீக்கிரம் சிதைவதால் அதிக தூரம் போகாது. ஆகவே அது இழையில் பட்டால், வேர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று பொருள். பைக்கோகிராம் அளவு போதும். தனியாக நீண்ட இழை சட்டென்று கொத்தாகக் கிளைவிடும். பூசணமும் தன் பங்குக்கு மூலக்கூறுகளை அனுப்புகிறது. அவை வந்து சேர்ந்ததும் வேர் செல்லின் கருவில் கால்சியம் அளவு சீரான தாளத்தில் ஏறி இறங்கத் தொடங்குகிறது. கதவு திறக்க அதுதான் அடையாளம்.

உள்ளே நுழைந்த இழை, வேரின் உட்புறச் செல்லில் குட்டி மரம்போல் கிளைத்து விரிகிறது. செல்லின் சவ்வு கிழிவதில்லை. ஒவ்வொரு கிளையையும் உறைபோலச் சுற்றிக்கொள்கிறது. அந்தச் சவ்வு வழியாக மணிச்சத்து செடிக்கு வருகிறது, சர்க்கரையும் கொழுப்பும் பூசணத்துக்குப் போகின்றன. இந்த மரம் உருவாக டெல்லா என்ற புரதங்கள் வேண்டும். ஜிப்ரெலின் ஹார்மோன் கூடினால் டெல்லா அழியும், மரமும் சரியாக உருவாகாது. ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் இந்த மரத்துக்குத் துணைநிற்கிறது. எத்திலீன் என்ற ஹார்மோன் பொதுவாகப் பூசணத்தைத் தடுக்கும்.

செடிக்குப் போதுமான மணிச்சத்து கிடைத்துவிட்டால் அழைப்பும் அடங்கிவிடும். தாராளமாக மணிச்சத்து உரம் இட்ட மண்ணில் வேர்களில் பூசணம் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் குட்டி மரத்துக்குச் சில நாள் ஆயுள்தான். மணிச்சத்தைச் செல்லுக்குள் ஏற்றும் புரதம் இல்லாத செடிகளில் அது இன்னும் சீக்கிரம் சிதைகிறது. சத்து வந்து சேராத மரத்தைச் செல் விட்டுவைப்பதில்லை. அதைக் கரைக்கும் வேலையிலும், கட்டும்போது துணைநின்ற அதே டெல்லாவுக்குப் பங்கு உண்டு. கரைத்து முடித்த பிறகும் செல் உயிரோடுதான் இருக்கும். வேறோர் இழை வந்தால் மறுபடியும் இடம் கொடுக்கும்.