உடனொளிர்வா, ஒளித்தெறிப்பா?

மன்னார்க் கடலில் எண்ணெய் தேடுகிற பேச்சு எழுந்தாலே திருகோணமலையில் எல்லோரும் காது கொடுப்பார்கள், சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் அல்லவா. அப்படி வரும் தமிழ்க் கட்டுரைகளில் ‘கிணறு துளைக்கும்போது ஒளித்தெறிப்பால் எண்ணெயைக் கண்டறிகிறார்கள்’ என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். அது தெறிப்பே இல்லை, ஒரு கதிரை உறிஞ்சிக்கொண்டு வேறொரு ஒளியை வெளிவிடுகிற புளோரசென்ஸ்.

1852இல் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து ஆக்கிய சொல் அது. உலோகம் உருக்கும்போது இளக்கியாகப் போடுவதால் அக்கனிமத்துக்குப் ‘பாய்தல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து பெயர் வந்தது. வேரில் ஒளியே கிடையாது, ஆகவே தமிழில் ‘புளோரொளிர்வு’ என்று பாதியை அப்படியே வைத்திருப்பதால் நமக்கு ஒன்றும் விளங்கப்போவதில்லை.

சரி, தெறிப்பு ஏன் ஆகாது? தெறிப்பில் விழுந்த ஒளியேதான் திரும்பி வருகிறது. ஈரமான எந்தக் கல்லும் ஒளியைத் தெறிக்கும், தண்ணீரும் தெறிக்கும், பிறகு அதை வைத்து எண்ணெயை எப்படிப் பிரித்தறிவது? துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்துகிற சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளைக் கழுவி, இருட்டுப் பெட்டியில் கழியூதா விளக்கின் கீழ் வைக்கிறார்கள். எண்ணெயிலுள்ள, கரியணுக்கள் வளையமாக இணைந்த அரோமற்றிக் சேர்வைகள் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிரை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் வேறொரு ஒளியைத் தாமே வெளிவிடுகின்றன. கனமான எண்ணெய் மங்கிய பழுப்பாக, இலேசானது மஞ்சளாகவோ நீலவெள்ளையாகவோ தெரியும். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வானவில் நிறம் காட்டுகிறதே, அதையும் இதையும் ஒன்றாக்கி எழுதினவர்களும் இருக்கிறார்கள். அந்த நிறம் படலத்தின் மேற்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் தெறித்த ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதால் வருவது, அங்கே தெறிப்பு என்று தாராளமாக எழுதட்டும்.

வெறும் ‘ஒளிர்வு’ என்பதும் போதாது, மின்மினியும் ஒளிர்கிறது. விளக்கை அணைத்ததும் இந்த ஒளியும் உடனே நின்றுவிடும், அதனால் ‘உடனொளிர்வு’தான் சரி. அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் நீடிக்கிற பொஸ்பரசென்ஸுக்கு ‘நின்றொளிர்வு’ என்று எழுதினால் இரண்டும் அழகாகப் பிரிந்து நிற்கும்.

எனக்குக் கோபம் மொழிபெயர்ப்பவர்கள் மேல்தான். அகராதியில் ஒளி என்று தொடங்குகிற முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், கருவி என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. கல்சைற்று என்ற கனிமமும் உடனொளிரும், அதனால்தான் வெளிச்சம் கண்டதும் எண்ணெய் என்று முடிவுகட்டாமல் துணுக்கின்மேல் கரைப்பான் விட்டு, எண்ணெய் கரைந்து அதன் நிறம் அதில் இறங்குகிறதா என்றும் பார்க்கிறார்கள். ‘தெறிப்பு’ என்று படித்த மாணவனுக்கு இந்தச் சோதனை எதற்கென்றே புரியாது.